ரப்பில் பின்ன விளையாட்டு: புள்ளி ஏறுது, கொப்பியில் பிழை மாறேல்லை

வலிகாமம்_ஆரம்பப்பிரிவு

தரம் 4, தமிழ்மூலம். பிள்ளைகள் 36, ரப் (தொடுதிரைப் பலகைக் கணினி) 12, பாடவேளை 40 நிமிடம். வகுப்பறைக்குள் இணையத்தை நம்ப முடியாது. பீட்சாவைத் துண்டு போட்டு நிறம் தீட்டுகிற இலவசச் செயலி ஒன்று ஓடுகிறது. இரண்டு கிழமைக்குள் அநேகமான பிள்ளைகள் கடைசி நிலை வரை முடித்துவிட்டார்கள். கொப்பியில் மட்டும் பழைய பிழைகள் அப்படியே நிற்கின்றன:

1/4, 1/8 இரண்டில் பெரியது 1/8.
1/4 + 2/4 = 3/8.
நாலாகப் பிரித்த எண்கோட்டில் 3/4ஐக் குறிக்கச் சொன்னால் குறி 2/4இல் விழுகிறது.

விளையாட்டை மாற்றுவதா, நேரத்தைக் கூட்டுவதா? இதைச் செய்து பார்த்தவர்கள் விவரமாக எழுதினால் நல்லது.

எண்கோடு

நேரத்தைக் கூட்டிப் பிரயோசனமில்லை. அந்த விளையாட்டை வெல்லப் பின்னம் தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். படத்தில் 8 துண்டு, அதில் 3 நிறம். பிள்ளை இரண்டு தடவை எண்ணி 3ஐ மேலேயும் 8ஐக் கீழேயும் போடுகிறது. 3/8 என்பது ஓர் எண், அது அரையை விடக் கொஞ்சம் குறைவு என்ற நினைப்பு ஓர் இடத்திலும் வராது. இரண்டு முழுவெண்கள் மேலும் கீழும் இருக்கின்றன, அவ்வளவுதான். அப்படிப் பார்க்கிற பிள்ளைக்கு 8 பெரிது, ஆகவே 1/8 பெரிது. மேலுள்ளதை மேலோடும் கீழுள்ளதைக் கீழோடும் கூட்டினால் 3/8. உங்கள் முதல் இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றுதான்.

எல்லா நாட்டுப் பிள்ளைகளும் தடுக்கி விழுகிற இடம் இது. 1978இல் அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 அண்ணளவாக எவ்வளவு என்று கேட்டு 1, 2, 19, 21 என்று விடைகள் கொடுத்தார்கள். இரண்டு பின்னமும் ஏறத்தாழ ஒன்று, ஆகவே விடை 2. அதைத் தெரிவுசெய்தவர்கள் 24 வீதம். 19ஐயும் 21ஐயும் தெரிவுசெய்தவர்களைச் சேர்த்தால் பாதிக்கு மேல். 12 + 7 = 19, 13 + 8 = 21.

மூன்றாவது பிழை வேறு வகை. 0 முதல் 1 வரை நாலாகப் பிரித்தால் கோடுகள் 5. பிள்ளை இடைவெளியை எண்ணாமல் கோட்டை எண்ணுகிறது, 0 கோட்டையும் ஒன்று என்று சேர்த்துக்கொள்கிறது. மூன்றாவது கோடு 2/4. அடிமட்டத்தில் 0ஐ விட்டு 1இலிருந்து அளக்கிற பிள்ளை செய்கிற பிழையும் இதுதான்.

ஆகவே, அளவைக் காட்டாமல் வெல்ல முடியாத விளையாட்டு வேண்டும். எண்கோட்டில் இடம் வைக்கிற விளையாட்டு அதற்கு நேரானது.

பனங்கூடல்

எண்கோடு சேர் சொன்னதோடை இன்னொண்டையும் பாருங்கோ. இது தமிழிலை படிக்கிற பிள்ளையளுக்கெண்டே இருக்கிற சிக்கல்.

நாங்கள் 3/4ஐ "நான்கில் மூன்று" எண்டு வாசிக்கிறம். பகுதி எண் (கீழை இருக்கிறது) முதல், தொகுதி எண் (மேலை இருக்கிறது) பிறகு. ஆங்கிலத்திலை மேலையிருந்து கீழை வாசிப்பு. ஆங்கிலத்துக்கெண்டு செய்த விளையாட்டிலை விடைப் பெட்டி இரண்டு, துடிப்பு (தட்டுற எண் விழுற இடத்தைக் காட்டுற சின்னக் கோடு) முதலிலை மேல் பெட்டியிலை நிக்கும். "நான்கில் மூன்று" எண்டு மனசுக்குள்ளை சொல்லிக்கொண்டு தட்டுற பிள்ளை முதல் பெட்டியிலை 4ஐப் போடும். 4/3. விளையாட்டு "பிழை" எண்டு சொல்லும். பிள்ளைக்குப் பின்னம் விளங்கியிருக்கு, பெட்டிதான் அதைப் பிழைக்காரனாக்குது. இதுக்காகத்தான் சில பிள்ளையள் விளையாட்டிலை "முதல்லை சின்ன எண், பிறகு பெரிய எண்" எண்டு தாங்களே ஒரு விதி வைச்சுக்கொள்ளுதுகள். 5/4 வரேக்கை அந்த விதி உடையும்.

உண்மையிலை எங்கடை வாசிப்பு முறை நல்லது. "ஐந்தில் இரண்டு" எண்டா முழுதை அஞ்சாப் பிரிக்கிறது முதல் வேலை, இரண்டை எடுக்கிறது இரண்டாவது. செய்யிற ஒழுங்கிலையே சொல்லு வருது. கொரிய மொழியிலையும் பகுதி எண்தான் முதலிலை. விளையாட்டுச் செய்யிறவை இதை மதிக்க வேணும்: துடிப்பு கீழ்ப் பெட்டியிலை தொடங்கட்டும், பெட்டிக்குப் பக்கத்திலை "எத்தனையாகப் பிரித்தோம்", "எத்தனை எடுத்தோம்" எண்டு எழுதியிருக்கட்டும். பெட்டியை மாத்த ஏலாத செயலியெண்டால், ரப்பைக் குடுக்க முன்னம் கரும்பலகையிலை வெறும் பின்னக்கோட்டைக் கீறி, கீழை முதல் எழுதிப் பிறகு மேலை எழுதிப் பழக்குங்கோ. இரண்டு நாள் காணும்.

இன்னொரு சொல் விசயம். அரைவாசி, கால்வாசி, முக்கால்வாசி எண்டு வீட்டிலை கதைக்கேக்கை அளவு துல்லியமில்லை. "முக்கால்வாசிப் பேர் வந்திட்டினம்" எண்டா கனபேர் வந்திட்டினம் எண்டுதான் பொருள். "பெரிய அரைவாசி எனக்கு" எண்டு சண்டை பிடிக்கிற பிள்ளைக்கு அரை எண்டது சமனாயிருக்க வேணும் எண்டது சொல்லுக்குள்ளை இல்லை. சமனில்லாத துண்டுகளைக் காட்டி "இது காலா?" எண்டு கேக்கிற வினா விளையாட்டிலை கட்டாயம் வேணும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் காலாக வெட்டிக் காட்டாதேங்கோ, கொட்டை நடுவிலை நிக்கும், ஒரு துண்டும் சமனா வராது. பாண் நல்லது. அரை றாத்தல், கால் றாத்தல் கடைச் சொல்லு, நீளமான செவ்வக உருவம், எத்தனையாவும் வெட்டலாம். வட்டத்தை மூண்டா, அஞ்சாப் பிரிக்கிறது பெரியாக்களுக்கே கஷ்டம்.

வலிகாமம்_ஆரம்பப்பிரிவு

பெட்டி விசயம் இப்போது விளங்குகிறது. கொப்பியில் 4/3 என்று வருகிற விடைகளும் அங்கிருந்துதான் வருகின்றன போல.

இணையம் இல்லாமல் எதை ஓட்டலாம்?

கீறல்_பூனை

இரண்டு வழி இருக்கு.

முதலாவது, ஆயத்தமாக இருப்பது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்கள் (திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கிற மாதிரிகள்), 2002இல் பௌதிகவியலாளர் காள் வீமன் தொடங்கியவை, இலவசம். பின்னத்துக்கு "ஃபிராக்ஷன்ஸ் இன்ட்ரோ", "பில்ட் எ ஃபிராக்ஷன்", "ஃபிராக்ஷன் மாச்சர்" ஆகியவை போதும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும். இணையம் உள்ள இடத்தில் இறக்கி, பென் ட்றைவில் கொண்டுபோய் ரப்பில் போட்டால் அதற்குப் பிறகு இணையம் வேண்டாம். ஒரு சிக்கல் வரும்: கோப்பைத் தொட்டதும் சில ரப்களில் சாதாரண எச்டிஎம்எல் பார்வைச் செயலி திறந்து வெள்ளைத் திரை மட்டும் காட்டும். கோப்பு பழுதில்லை. "இதனால் திற" என்பதில் குரோமைத் தெரிவுசெய்தால் ஓடும்.

இன்ட்ரோவில் வட்டம், செவ்வகம், நீர்ப்பாத்திரம், கேக், எண்கோடு என்று உருவம் மாற்றலாம். தொகுதியை 3இல் வைத்துவிட்டுப் பகுதியை 4, 5, 6 என்று கூட்டிக் காட்டுங்கள். துண்டு சிறுத்துக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். 1/8 பெரிதென்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல காட்சி இல்லை. மாச்சரில் தராசின் இரு தட்டிலும் சமனான இரண்டை வைக்க வேண்டும், ஒரு பக்கம் எண், மற்றப் பக்கம் படம் என்று வரும். முதல் முயற்சிக்கு 2 புள்ளி, இரண்டாவதுக்கு 1. நேரக் கடிகாரத்தை நிறுத்தி வையுங்கள்.

இரண்டாவது வழி, ஸ்க்ராட்சில் (கட்டளைக் கட்டைகளை அடுக்கி விளையாட்டுச் செய்கிற இலவச மென்பொருள்) எண்கோட்டு விளையாட்டை நாமே செய்வது. ஒரு மாலை வேலை. மேடை (விளையாட்டு ஓடுகிற திரை) அகலம் 480 படி, நடு 0. கோட்டை -200இலிருந்து 200 வரை கீறுங்கள். 0, 1 இரண்டை மட்டும் எழுதுங்கள், நடுவில் ஒரு கோடும் போடாதீர்கள். சரியான இடம்:

எக்ஸ் = -200 + 400 × தொகுதி ÷ பகுதி

பிள்ளை வைத்த இடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 20க்குள் என்றால் சரி.

எண்கோடு

400க்குப் பதில் 360 வையுங்கள், -180இலிருந்து 180 வரை. 360ஐ 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12 எல்லாம் மிச்சமில்லாமல் வகுக்கும். விடைக்குப் பிறகு பிரிகோடுகள் கீறிக் காட்டும்போது எல்லாம் முழுவெண்ணில் விழும், மூன்றிலொன்று -66.67 என்று அலையாது. 20இல் ஒரு பங்கு விலகலை அனுமதித்தால் எல்லை 18. அப்போது 1/3 (-60) என்ற இடத்தில் வைத்தால் 2/5 (-36) ஆகாது, வித்தியாசம் 24. ஆனால் 3/8 (-45) ஆகிவிடும், வித்தியாசம் 15. ஆகவே 1/3, 3/8 இரண்டும் ஒரே சுற்றில் வரக்கூடாது.

கீறல்_பூனை

சரி, 360தான் நல்லது. மேலே எழுதியதற்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் படிகள்:

குறியை விரலால் இழுக்க விடாதீர்கள். ஸ்க்ராட்சின் திருத்து திரையில் உருவை இழுக்கலாம், முழுத்திரையில் இழுபடாது. இழுபடும்படி அமைத்தாலும் இழுக்கிற நேரம் கட்டளைகள் உருவை அசைக்காது, குறி கோட்டை விட்டு மேலே கீழே போகும். பதிலாக "எப்போதும்" கட்டளைக்குள், மவுஸ் அமத்தியிருந்தால் குறியின் எக்ஸை மவுஸ் எக்ஸுக்கு வை, -180க்குக் குறைந்தால் -180, 180க்குக் கூடினால் 180. உயரத்தைக் குறிக்கிற வை (y) எண்ணை மாற்றவே வேண்டாம். ரப்பில் விரல் தொடுவதும் மவுஸ் அமத்துவதாகவே எடுக்கும்.

"சரி" பொத்தானைக் கீழே, உயரம் -130இல் வையுங்கள். அத்தோடு, மவுஸின் உயரம் (y) -60க்கு மேலே இருந்தால் மட்டும் குறி நகரட்டும். இந்த நிபந்தனையை விட்டால் பொத்தானைத் தொட்டவுடன் குறியும் பொத்தான் பக்கம் ஓடி, சரியாக வைத்த பிள்ளைக்குப் பிழை விழும். கனபேர் விடுகிற இடம் இது.

பின்னத்தை எழுமாறாக எடுக்காதீர்கள். பகுதி 2இலிருந்து 8, தொகுதி 1இலிருந்து பகுதி-1 என்று எடுத்தால் 1/2 அடிக்கடி வரும், வேண்டிய பின்னம் வராமலே போகலாம். தொகுதிக்கு ஒரு பட்டியல், பகுதிக்கு ஒரு பட்டியல் வைத்து நீங்கள் எழுதிய ஒழுங்கில் எடுங்கள்.

ஒவ்வொரு விடையையும் "பின்னம் : வைத்த இடம்" என்று மூன்றாவது பட்டியலில் சேருங்கள். கணினியில் அந்தப் பட்டியலை வலப்பொத்தானால் தட்டி எழுத்துக் கோப்பாக எடுக்கலாம். சரி பிழையை விட இடம்தான் பெறுமதி. 1/8 என்றதற்கு 110இல் வைத்த பிள்ளை 8ஐ மட்டும் பார்த்திருக்கிறது. -150இல் வைத்த பிள்ளை சரியாகவே நினைத்திருக்கிறது (சரியான இடம் -135).

சமவலுப் பின்னத்தை (2/4, 3/6 போல) ஒப்பிட வகுத்துப் பார்க்காதீர்கள், குறுக்கே பெருக்குங்கள். 1/10 + 2/10 ஐத் தசமமாகக் கூட்டினால் கணினிக்குள் 0.30000000000000004 வரும், 3/10 ஓடு சமனில்லை என்று சொல்லிவிடும்.

எழுத்து யுனிகோட்டில் இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். ஸ்க்ராட்ச் 3க்கு விண்டோஸ் 10 வேண்டும். ரப்புக்கும் பழைய கணினிக்கும் டர்போவார்ப் பொதிகட்டி என்ற கருவியால் விளையாட்டை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக்கிக் கொடுங்கள்.

பெற்றோர்_நல்லூர்

வீட்டிலை ரப் இல்லை, 5 அங்குல போன்தான். வட்சப்பிலை அனுப்பினால் அதிலை ஓடுமோ ரீச்சர்?

கீறல்_பூனை

கோப்பாக அனுப்பினால் ஓடும், குரோமில் திறவுங்கோ. ஆனால் போனைக் கிடையாகப் பிடித்தாலும் மேடை உயரத்தால் மட்டுப்படும். 360 படிக் கோடு 6 சென்ரிமீற்றர் மட்டில் வரும், 18 படி என்பது 3 மில்லிமீற்றர். பிள்ளையின் விரல் அதை விட அகலம், குறியையே மறைக்கும். போனுக்கென்று எல்லையை 30 ஆக்கிய தனிக் கோப்பு ஒன்று வைத்திருப்பது நல்லது. அதில் அரை, கால், முக்கால், மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு காணும். கால் (-90), மூன்றில் ஒன்று (-60) இரண்டுக்கும் இடையில் 30தான், ஆகவே அவை அடுத்தடுத்து வராமல் பாருங்கள்.

ஏ4_பட்டி

ரப்பை எடுக்க முன்னம் கடதாசி. ஒரு ஏ4 தாள் 21 சென்ரிமீற்றர் அகலம். நீளத்தை 24 சென்ரிமீற்றராக வெட்டி, 3 சென்ரிமீற்றர் அகலத்தில் கீறினால் சரியாக 7 பட்டி வரும். ஒன்று முழுதாக இருக்கட்டும், மற்ற ஆறும் 2, 3, 4, 6, 8, 12 ஆகப் பிரிக்க. துண்டுகள் 12, 8, 6, 4, 3, 2 சென்ரிமீற்றர், அடிமட்டத்தில் எல்லாம் முழு அளவு. மூன்றாக மடிக்கச் சொன்னால் பிள்ளைகள் முதலில் அரையாக மடித்துவிட்டு மாட்டிக்கொள்வார்கள், அங்கே 8, 16 என்று புள்ளி போட விடுங்கள்.

பட்டியை வெட்டிப் பிரிக்க வேண்டாம், மடிப்பு மட்டும் போதும். வெட்டினால் முழுது எது என்பது மறந்துபோகும், துண்டு காணாமலும் போகும். பட்டியைக் கிடையாக வைத்து இடப்பக்க ஓரத்துக்கு 0, வலப்பக்க ஓரத்துக்கு 1 என்று எழுதினால் அதுவே எண்கோடு. கோட்டை எண்ணுகிற பிழைக்கும் மருந்து இதுதான்: விரல் 0இல் நிற்கும்போது "இன்னும் ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்ல வைத்து, ஒரு மடிப்புக்கு நடந்தபின் "நான்கில் ஒன்று" என்று சொல்ல வையுங்கள்.

36 பிள்ளைக்கு இப்படிப் பிரிக்கலாம்: 18 பேர் 9 ரப்பில் சோடியாக, 18 பேர் பட்டியோடு. 5 நிமிடம் ஆயத்தம், 15 நிமிடம், மாற்றம், 15 நிமிடம், கடைசி 5 நிமிடம் கொப்பி. மிச்ச 3 ரப் சார்ச்சில் நிற்கட்டும், ஒன்று இறந்தால் மாற்ற. சோடியில் ஒருவர் வைக்க, மற்றவர் காரணம் சொன்ன பிறகுதான் "சரி" பொத்தான். காரணம் சொல்பவர் கையில் ரப் இருக்கக்கூடாது.

எண்கோடு

ஒப்பீட்டுச் சுற்று ஒன்றும் சேருங்கள், "எது பெரிது" என்று. இங்கே வினாத் தெரிவுதான் எல்லாம். 1/2, 1/4, 1/8 மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை "கீழே சின்ன எண் இருந்தால் பெரிது" என்ற விதியைப் பிடித்து எல்லாவற்றையும் சரியாகச் செய்யும். அது பின்னமில்லை, தலைகீழான முழுவெண். ஒவ்வொரு பிழை விதியும் ஏதாவது ஒரு வினாவிலாவது தோற்க வேண்டும்.

1/3, 1/5 கேளுங்கள்: பெரிய எண் பெரிய பின்னம் என்கிற பிள்ளை 1/5 என்னும். 4/9, 3/5 கேட்டாலும் அந்தப் பிள்ளை 4/9 என்று அகப்படும். 3/4, 2/3 கேளுங்கள்: "கீழே சின்னது பெரிது" விதிக்காரர் 2/3 என்பார். 5/6, 7/8 கேளுங்கள்: "இரண்டிலும் ஒன்றுதான் குறை, ஆகவே சமன்" என்கிற பிள்ளை இங்கே வெளிவரும், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடம்தான் இது கூட. 3/5, 1/2 கேட்டால் அதே பிள்ளை குறை ஒன்றே என்பதால் 1/2 என்னும். இடையில் 2/4, 3/6 என்று உண்மையாகவே சமனான சோடியும் வேண்டும்.

பொத்தான் மூன்று வையுங்கள்: இது, அது, சமன். இரண்டு பொத்தானில் கண்ணை மூடித் தட்டினாலும் 10 வினாவில் 8 அல்லது அதற்கு மேல் எடுக்க 5.5 வீத வாய்ப்பு உண்டு, 36 பேரில் 2 பேர் ஒன்றும் தெரியாமலே சித்தியடைவார்கள். மூன்று பொத்தானில் அது 300இல் ஒன்றளவுக்குக் குறைந்துவிடும்.

புலமைப்பரிசில்_வழிகாட்டி

நேரக் கடிகாரத்தை ஏன் எல்லாரும் நிறுத்தச் சொல்லுறியள்? தரம் 5 பரீட்சையிலை வேகம் தேவை. இப்பவே பழக்காட்டி எப்ப பழக்குறது?

எண்கோடு

கடிகாரம் ஓடும்போது பிள்ளை ஆகக் கிட்டவுள்ள குறுக்கு வழியை எடுக்கும். அந்த நேரம் கிட்ட இருப்பது முழுவெண் விதிதான், 10 வருட வாழ்க்கையில் ஒவ்வொரு நாளும் பயன்பட்டது. 1/4ஐ விட 1/8 பெரிது என்று 20 தடவை வேகமாகத் தட்டினால் பிழைதான் வேகமாகும். இடம் வைப்பதில் 10இல் 8 சரியாக வரும் வரை கடிகாரம் வேண்டாம். அதற்குப் பிறகு தெரிந்த பின்னங்களுக்கு மட்டும் போடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. முன்னணிப் பட்டியலைத் திரையில் போடுவதற்கு மட்டும் எப்போதும் மறுப்புத்தான். கடைசியாக நிற்கிற பிள்ளை அடுத்த வகுப்பில் ரப்பைத் தொடாது.

புலமைப்பரிசில்_வழிகாட்டி

10இல் 8 வந்தபிறகு எண்டால் சரி, ஏற்கிறன்.

பனங்கூடல்

ஒண்டுக்கு மேலை போக விடுங்கோ. 0 முதல் 3 வரை ஒரு கோடு. எங்கடை பிள்ளையளுக்கு இரண்டரை, மூன்றே கால், ஐந்தே முக்கால் எண்டது மணிக்கூட்டிலை இருந்தே தெரியும். கலப்பெண் புதுசில்லை, எழுதுறதுதான் புதுசு. இடத்துக்குச் சூத்திரம் -180 + 120 × தொகுதி ÷ பகுதி. இங்கை ஒரு பிழை வரும், எதிர்பாத்துக்கொள்ளுங்கோ: 1/2 எண்டா கோட்டின்ரை நடுவிலை, ஒண்டரையிலை வைப்பினம். முழுக் கோட்டையும் ஒரு முழுதா எடுக்கினம். அப்ப ஏ4 பட்டியை மூண்டு அடுத்தடுத்து வைச்சு, "எந்தப் பட்டியிலை அரை?" எண்டு கேளுங்கோ.

அரைக்காலையும் சொல்லிக் குடுங்கோ. அரைக்கால் எண்டா காலிலை அரை, 1/8. சொல்லே கணக்கைச் செய்து காட்டுது. 1/8 எப்பிடி 1/4ஐ விடப் பெரிசாகும் எண்டு பிள்ளையே கேக்கும். பதினாறில் ஒண்டுக்குக் காணிக் கணக்கு இருக்கு, ஏக்கருக்குப் 16 பரப்பு.

வலிகாமம்_ஆரம்பப்பிரிவு

திட்டம் இப்படி: முதல் கிழமை பட்டியும் ஃபெட் இன்ட்ரோவும். இரண்டாம் கிழமை 0–1 எண்கோடு, பிரிகோடு இல்லாமல். மூன்றாம் கிழமை ஒப்பீடு மூன்று பொத்தானோடு, பிறகு 0–3. தொடங்க முன்னும் முடிந்த பின்னும் ரப் இல்லாமல் தாளில் 8 வினா: 1/3–1/5, 4/9–3/5, 3/4–2/3, 5/6–7/8, 2/4–3/6, எண்கோட்டில் 3/4, எண்கோட்டில் 5/4, 1/4 + 2/4.

5/6–7/8க்கு "சமன்" என்ற விடை நிறைய வந்தால் என்ன செய்வது?

ஏ4_பட்டி

மிச்சத்தைப் பார்க்க வையுங்கள். 6 ஆக மடித்த பட்டியையும் 8 ஆக மடித்த பட்டியையும் மேலும் கீழும் வைத்து, கடைசித் துண்டை மட்டும் நிறம் தீட்டச் சொல்லுங்கள். ஒன்று 4 சென்ரிமீற்றர், மற்றது 3. எது 1க்குக் கிட்ட நிற்கிறது என்று கேட்டால் போதும். பகுதிகள் மாறும்போது "ஒன்று குறை" என்பது ஒரே அளவில்லை என்று பிள்ளை தானே சொல்லும். அதற்குப் பிறகு பட்டி இல்லாமல் 8/9, 11/12 கேளுங்கள். அது சரியாக வந்தால் விளங்கிவிட்டது, வராவிட்டால் இன்னும் ஒரு நாள் பட்டியோடு.

பனங்கூடல்

தாளிலை பின்னக்கோட்டை நீங்களே அச்சிலை போட்டுக் குடுங்கோ. பிள்ளை சாய்வுக் கோடு போட்டு எழுதினா 3/4ஓ 4/3ஓ எண்டு திருத்தேக்கை மயக்கம் வரும்.